மக்கள் இட்ட புள்ளடியும் செயலாளரின் கையொப்பமும்: மலையகத்தின் பிரதிநிதியைத் தீர்மானிப்பது யார்?

ஒரு கட்சியின் சார்பில் யார் போக வேண்டும் என்பதை அந்தக் கட்சிக்கு வாக்களிக்கும் மக்கள் தீர்மானிப்பதா, அல்லது கட்சியின் உயர்பீடத்தில் அமர்ந்திருக்கும் சிலர் தீர்மானிப்பதா? மக்கள் ஒருவரைச் சுட்டிக்காட்டிய பிறகும் அவரை ஒதுக்கி இன்னொருவரை முன்னிறுத்தும் அதிகாரம் உயர்பீடத்துக்கு இருக்கலாமா? உலகின் பல நாடுகளில் இக்கேள்வி ஒவ்வொரு தேர்தலின்போதும் எழுகிறது. நம்மிடத்தில் அது பெரும்பாலும் தேர்தல் முடிந்து, தேசியப்பட்டியல் ஆசனம் யாருக்கு என்ற சண்டை தொடங்கும்போதுதான் எழுகிறது. அந்தச் சண்டை ஓய்ந்ததும் கேள்வியையும் நாம் மறந்துவிடுகிறோம்.

வடக்கு, கிழக்கில் இந்தச் சண்டையைப் பலமுறை பார்த்திருக்கிறோம். மலையகத்தில் அதே சண்டைக்கு இன்னும் ஒரு கனம் உண்டு. காரணம், அங்கே கட்சியும் தொழிற்சங்கமும் ஒன்று. மாதச் சம்பளத்தில் சந்தா கழிக்கப்படும் தொழிலாளியே அந்தக் கட்சியின் அங்கத்தவர், அவரே அதன் வாக்காளர். அப்படியிருந்தும், தன் பெயரில் பேசப்போகிறவர் யார் என்ற தெரிவில் அவருக்கு இருக்கும் பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒரு வாக்குச்சீட்டு, இரண்டு தீர்ப்பு

அமெரிக்காவில் நடப்பதுபோல வேட்பாளரைத் தெரிவு செய்வதற்கான முன்னோடித் தேர்தல் இலங்கையில் இல்லை. ஆனால் அதற்கு ஒப்பான ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் விருப்பு வாக்கு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் வந்த விகிதாசார முறையில் முதலாவது பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரி 15ஆம் திகதி நடந்தது. அன்றிலிருந்து வாக்காளர் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி இடுகிறார். பிறகு அந்தக் கட்சியின் பட்டியலிலிருந்து மூன்று பேர் வரை தமது விருப்பத்தைக் காட்டுகிறார். முதலாவது புள்ளடி கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைத் தீர்மானிக்கிறது. அடுத்த மூன்றும் அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்கின்றன. மற்ற நாடுகளில் தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பு நடப்பதை நாம் தேர்தல் நாளிலேயே, அதே சீட்டிலேயே செய்துவிடுகிறோம்.

நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியும் 11 வேட்பாளர்களை நிறுத்த வேண்டும். தோட்டங்களில் வாழும் தமிழர் இந்த மூன்று விருப்பு வாக்குகளையும் மிகக் கட்டுக்கோப்பாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 2015 ஓகஸ்ட் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் தமிழ் முற்போக்குக் கூட்டணி சார்பாகப் போட்டியிட்ட பழனி திகாம்பரம், வே. இராதாகிருஷ்ணன், மயில்வாகனம் திலகராஜ் ஆகிய மூவரும் தெரிவானார்கள். எதிரணிப் பட்டியலில் ஆறுமுகன் தொண்டமானும் முத்து சிவலிங்கமும் தெரிவானார்கள். எட்டுப் பேரில் ஐவர் மலையகத் தமிழர். மூன்று புள்ளடியையும் சிதறவிடாமல் இட்ட மக்களின் ஒழுங்குக்குக் கிடைத்த பலன் இது.

சட்டமும் இந்த மக்கள் தீர்ப்பை ஓரளவு மதிக்கிறது. மாவட்டத்தில் தெரிவான ஒருவரின் ஆசனம் வெற்றிடமானால், அதே பட்டியலில் அடுத்த அதிக விருப்பு வாக்குப் பெற்றவரே அந்த இடத்துக்கு வருவார். உயர்பீடம் கூடிப் பேச வேண்டியதில்லை. மக்கள் ஏற்கனவே இட்ட வரிசை அது. 2023 ஒக்டோபரில் நசீர் அஹமட் மட்டக்களப்பு ஆசனத்தை இழந்தபோது அலி சாஹிர் மௌலானா பாராளுமன்றம் சென்றது இந்த விதிப்படிதான்.

அப்படியானால் உயர்பீடம் எங்கே நுழைகிறது? மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல்: வேட்புமனு

2015இல் தெரிவான திலகராஜ், 2020 தேர்தலில் கூட்டணியின் நுவரெலியாப் பட்டியலில் இருக்கவில்லை. மாவட்டத்துக்கு அக்கூட்டணி நிறுத்திய மூவரில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் தொடர்ந்தார்கள். மூன்றாமவராக ம. உதயகுமார் வந்தார். உதயகுமாரும் வென்றார்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கட்சி நிறுத்தியவரை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே கட்சியின் முடிவு சரி என்பது ஒரு வாசிப்பு. மக்கள் முன் வைக்கப்படாத பெயருக்கு மக்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்பது மற்றது. ஐந்தாண்டு பாராளுமன்றத்தில் இருந்த ஒருவரை மீண்டும் அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற தீர்ப்பு, அவரை அனுப்பிய மக்களின் கைக்கு வரவே இல்லை. அவர் நல்ல பிரதிநிதியா, இல்லையா என்பது இங்கே பிரச்சினை அல்ல. அதை அளந்து பார்க்கும் உரிமை யாருடையது என்பதுதான் பிரச்சினை.

அதே 2020இல் இன்னொரு நிகழ்வு. வேட்புமனுக்கள் மார்ச் மாதத்தில் முடிந்திருந்தன. மே 26ஆம் திகதி ஆறுமுகன் தொண்டமான் காலமானார். சட்டம் அனுமதிக்கும் வகையில் அவரது இடத்துக்கு மகன் ஜீவன் தொண்டமானின் பெயர் கொடுக்கப்பட்டது. ஓகஸ்ட் 5ஆம் திகதி நடந்த தேர்தலில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான விருப்பு வாக்குகளுடன் அவர் தெரிவானார். அந்த வாக்குகள் உண்மையானவை. துக்கத்தாலோ, பெயராலோ, நம்பிக்கையாலோ, எதனால் இட்டிருந்தாலும் அது மக்கள் இட்ட புள்ளடி. ஆனால் தொழிலாளரைக் கொண்ட ஓர் அமைப்பில், அந்த இடத்துக்கு வேறு எந்தப் பெயராவது தோட்டக் கமிட்டிகளின் முன் வைக்கப்பட்டதா என்ற கேள்வியும் உண்மையானதே. ஒரே பெயரை முன்வைத்துப் பெறும் ஒப்புதல், தெரிவு ஆகாது.

பெண்கள் விடயத்தில் இந்த வாசல் இன்னும் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்தது. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். சந்தா கட்டுபவர்களிலும் அவர்களே அதிகம். இருந்தும் மலையகத் தமிழ்ப் பெண் ஒருவர் பாராளுமன்றம் செல்ல 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் அப்போது தெரிவானார்கள். இருவரும் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் வந்தவர்கள். எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பெண் தொழிலாளரின் சந்தாவில் நடந்த தொழிற்சங்கக் கட்சிகளால் செய்ய முடியாததை, மலையகத்தில் வேரே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு கட்சி ஒரே தேர்தலில் செய்தது. அந்தக் கட்சியின் வேட்பாளர்களையும் மேலிடமே தெரிவு செய்தது, விருப்பு வாக்குக்காகத் தனித்தனியே பிரசாரம் செய்ய வேண்டாம் என்றே அது தன் வேட்பாளர்களுக்குச் சொல்லிவந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஆக, மேலிடம் தலையிடுவது எப்போதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது. இதற்குக் கீழே மீண்டும் வருவோம்.

இரண்டாம் வாசல்: தேசியப்பட்டியல்

225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 29 பேர் தேசியப்பட்டியல் மூலம் வருகிறார்கள். 1988இல் கொண்டுவரப்பட்ட 14ஆவது திருத்தம் இந்த ஏற்பாட்டை உருவாக்கியது. கட்சி அரசியலுக்கு வெளியே இருக்கும் அறிஞர்களும் துறைசார் நிபுணர்களும் பாராளுமன்றம் வருவதற்கான வழி என்று அது அறிமுகப்படுத்தப்பட்டது. ஆனால் அரசியலமைப்பின் 99அ உறுப்புரையில் ஒரு கதவு திறந்தே விடப்பட்டிருக்கிறது. தேசியப்பட்டியலில் பெயர் உள்ளவரை மட்டுமல்ல, அந்தத் தேர்தலில் ஏதேனும் ஒரு மாவட்டத்தில் அக்கட்சியின் வேட்புமனுவில் பெயர் இருந்த எவரையும் நியமிக்கலாம். அதாவது, மக்கள் முன் நின்று தோற்றவரையும் நியமிக்கலாம்.

2015இல் யாழ்ப்பாணத்தில் தோற்ற அங்கஜன் இராமநாதனும் மட்டக்களப்பில் தோற்ற ஹிஸ்புல்லாவும் இந்த வழியில்தான் பாராளுமன்றம் போனார்கள். அதே ஆண்டு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இரண்டு தேசியப்பட்டியல் ஆசனங்களும் போட்டியிட்டுத் தெரிவாகாத சாந்தி ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் க. துரைரெட்ணசிங்கத்துக்கும் வழங்கப்பட்டன. 2024 தேர்தலில் கொழும்பில் தோற்ற தமிழ் முற்போக்குக் கூட்டணியின் தலைவர் மனோ கணேசன், ஐக்கிய மக்கள் சக்தியின் தேசியப்பட்டியல் மூலம் பாராளுமன்றம் சென்றார்.

இந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. 2020ஐ எடுத்துக்கொள்வோம். அந்தத் தேர்தலில் அம்பாறைத் தமிழர் தமது ஒரே பாராளுமன்றப் பிரதிநிதித்துவத்தையும் இழந்தார்கள். கூட்டமைப்புக்குக் கிடைத்த ஒரே தேசியப்பட்டியல் ஆசனம் அம்பாறையில் போட்டியிட்ட த. கலையரசனுக்குக் கொடுக்கப்பட்டது. மாவட்டம் ஒன்று முற்றாகக் குரலிழந்து நிற்கும்போது அந்த ஆசனத்தை அங்கே கொடுத்தது சரியான நோக்கம். ஆனால் அது கொடுக்கப்பட்ட விதம், கட்சித் தலைவரைக்கூடக் கலந்துகொள்ளாமல் செய்யப்பட்டது என்ற பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. நல்ல முடிவையும் கெட்ட நடைமுறை கெடுத்துவிடும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

தென்னிலங்கையில் இது கேலிக்கூத்தாகவே நடந்தது. 2020இல் அபே ஜனபல கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனத்துக்காக அத்துரலியே ரத்தன தேரரும் கலகொட அத்தே ஞானசார தேரரும் மோதிக்கொள்ள, கையொப்பமிட வேண்டிய செயலாளரே காணாமல் போனார். 2024இல் புதிய ஜனநாயக முன்னணியின் செயலாளர், கூட்டணித் தலைவர்களின் இணக்கம் இல்லாமலேயே ரவி கருணாநாயக்கவின் பெயரைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்பினார். பெயர் வர்த்தமானியில் வந்த பிறகுதான் தலைவர்களுக்கு விடயம் தெரிந்தது.

இந்த இரண்டு சம்பவங்களும் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகின்றன. உயர்பீடம் மக்களை மீறலாமா என்று நாம் விவாதிக்கிறோம். சட்டப்படி பார்த்தால் உயர்பீடத்துக்குக்கூட அந்த அதிகாரம் இல்லை. ஆணைக்குழு அறிவித்த ஒரு வாரத்துக்குள் பெயரைக் கொடுக்க வேண்டியவர் கட்சியின் செயலாளர். அந்த ஒரு கையொப்பமே போதும். மத்திய குழு கூடியதா, வாக்கெடுப்பு நடந்ததா என்று எவரும் கேட்கப்போவதில்லை. 2021 ஜூனில், மாவட்டம் ஒன்றில்கூட ஆசனம் பெறாத ஐக்கிய தேசியக் கட்சியின் ஒரே தேசியப்பட்டியல் ஆசனத்தில் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றம் வந்தார். பதின்மூன்று மாதங்களின் பின், 2022 ஜூலை 20ஆம் திகதி, 134 பாராளுமன்ற உறுப்பினர்களின் வாக்குகளால் நாட்டின் ஜனாதிபதியானார். எல்லாம் சட்டப்படியே நடந்தது. மக்களின் புள்ளடி மட்டும் அந்தப் பாதையில் எங்கும் இருக்கவில்லை.

மூன்றாம் வாசல்: வெளியேற்றம்

தெரிவான பிறகும் கட்சி ஒருவரைத் திரும்ப அழைக்கலாம். கட்சி அங்கத்துவத்தை இழப்பவர், உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றம் செல்லாது என்று தீர்க்காவிட்டால், ஆசனத்தையும் இழக்கிறார். நசீர் அஹமட்டுக்கு நடந்தது அதுதான். வரவுசெலவுத் திட்டத்தில் கட்சி முடிவுக்கு மாறாக வாக்களித்ததற்காக அவரை நீக்கியது சரி என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

மலையகத்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்த பதுளை மாவட்ட உறுப்பினர் அ. அரவிந்தகுமார் மீது தமிழ் முற்போக்குக் கூட்டணி நடவடிக்கை எடுத்தது. ஆயினும் அவர் பாராளுமன்றத்தில் தொடர்ந்தார், பின்னர் இராஜாங்க அமைச்சரும் ஆனார். எதிரணிக்கு வாக்களித்த பதுளைத் தோட்டத் தொழிலாளர் தமது பிரதிநிதி அரசாங்க ஆசனத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கட்சிக்கு எந்த அதிகாரமும் வேண்டாம் என்பதும் விடையல்ல. மக்கள் ஒரு கொள்கைக்கும் சேர்த்தே வாக்களிக்கிறார்கள். அந்தக் கொள்கையை விற்றவரைக் கட்சி தண்டிப்பது மக்களின் தீர்ப்பைக் காப்பதாகவும் அமையலாம்.

உயர்பீடத்தின் பக்க நியாயம்

உயர்பீடங்களுக்காகப் பேசுகிறவர்களிடம் மூன்று நியாயங்கள் உண்டு. அவற்றை இலகுவாகத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, சிறுபான்மையின் கணக்கு. ஒரு வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகள்தான். நுவரெலியாவில் ஒரு பெரிய கட்சியின் பட்டியலில் மூன்று தமிழர் நின்றால் மூவருக்கும் எல்லாத் தமிழ் வாக்கும் விழும். ஆறு பேர் நின்றால் வாக்குப் பிரியும். மூவர் வென்றிருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்கூட வெல்லாமல் போகலாம். ஆசைப்பட்ட எல்லாரையும் நிறுத்தினால் சமூகம் தோற்கும். யாரோ ஒருவர் ‘இத்தனை பேர்தான்’ என்று சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, பணம். விருப்பு வாக்குப் போட்டி என்பது சொந்தக் கட்சிக்காரருடனேயே போட்டி. சுவரொட்டி, வாகனம், சாராயம், கைக்காசு என்று அது போகும் வழி எல்லாருக்கும் தெரியும். லயத்தில் பிறந்த ஓர் ஆசிரியை அந்தப் போட்டியில் ஒரு பணக்கார வேட்பாளருக்கு எதிராக நிற்க முடியாது. கட்சி கைகொடுத்தால்தான் முடியும்.

மூன்றாவது, விருப்பு வாக்கால் ஒருபோதும் எட்ட முடியாதவர்கள். நுவரெலியா, பதுளை, கண்டிக்கு வெளியே கேகாலை, களுத்துறை, மாத்தளை, காலி என்று சிதறி வாழும் மலையகத் தமிழர், தமது எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒருவரை அனுப்ப முடியாது. 2024இல் இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் தெரிவானது ஒரு தேசிய அலையின் பலன். 1958, 1977, 1983 வன்செயல்களில் மலைநாட்டை விட்டு வன்னிக்கு வந்து, பிறகு வன்னி யுத்தத்திலும் எல்லாவற்றையும் இழந்த மலையக வம்சாவளி மக்களையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் அவர்கள் வாக்குப் போடுகிறார்கள். வேட்பாளர் பட்டியலில் அவர்களுக்கு உரிய இடம் அரிதாகவே கிடைக்கிறது. இத்தகையவர்களுக்காகத்தான் தேசியப்பட்டியல் இருக்க வேண்டும்.

இந்த மூன்று நியாயங்களையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றும் வாக்களிப்புக்கு முன்பு செய்ய வேண்டிய வேலையைப் பற்றியவை. எத்தனை பேர், யார் யார், எந்த மாவட்டம், எத்தனை பெண்கள் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லிவிடலாம். மக்கள் பேசி முடித்த பிறகு அவர்கள் சொன்னதை மாற்றுவதற்கு இவற்றில் ஒரு நியாயமும் இல்லை. தோற்ற தலைவரை மீட்பதற்காகப் பயன்பட்ட ஒவ்வோர் ஆசனமும், மேலே சொன்ன மூன்றாவது வகை மக்களிடமிருந்து எடுக்கப்பட்ட ஆசனம்.

சம்பளத்தில் கற்ற பாடம்

பிரதிநிதிகள் அங்கத்தவரின் முடிவை மீறும்போது என்ன நடக்கும் என்பதைத் தோட்டத் தொழிலாளர் தேர்தலில் மட்டுமல்ல, சம்பளத்திலும் பார்த்திருக்கிறார்கள். 2018இல் அடிப்படை நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்பது தோட்டங்களின் ஒரே குரலாக இருந்தது. ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். ஆண்டின் இறுதியில் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன. 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தத்தில் தொழிற்சங்கத் தலைவர்கள் ஒப்பமிட்ட அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஒப்பமிடும் முன் அந்தத் தொகையைத் தோட்டங்களில் வாக்கெடுப்புக்கு விடவில்லை.

அதற்கும் தலைவர்களிடம் நியாயம் இருந்தது. 500 ரூபாவிலிருந்து 700க்கு வந்தது முன்னேற்றம், கம்பனிகள் அதற்கு மேல் இறங்கவில்லை, வேலைநிறுத்தம் நீண்டால் அடுப்பு எரியாது என்றார்கள். அந்த நியாயங்கள் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவற்றைத் தொழிலாளர் முன் வைத்து, அவர்களின் ஒப்புதலைப் பெற்றிருக்கலாம். பெறாததன் விலை பின்னர் தெரிந்தது. 1,000 ரூபா 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது, கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. தொழிற்சங்கங்களின் மீதான நம்பிக்கை கரைந்தது. 2024இல் நுவரெலியாவின் 8 ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி எடுத்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இந்தக் கரைவும் ஒன்று என்பதே என் கணிப்பு.

இந்த வாக்கின் விலை

வேறு எந்தச் சமூகத்தையும் விட மலையகத்தில் இந்தக் கேள்வி ஏன் கூர்மையானது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றவர்களில் அடங்குவர். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அந்த ஏழு தொகுதிகளின் தோட்டங்களில் வாக்களிக்க அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. தோட்டத்து மக்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒரு மலையகத் தமிழர் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977 வரை முப்பது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் தொண்டமான் பாராளுமன்றத்தில் இருந்தபோதும் அது நியமன உறுப்பினராகத்தான். நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நியமனத்துக்கும் தெரிவுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. முப்பது ஆண்டுகள் அந்த வேறுபாட்டுக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். அரசு பறித்த வாக்கைப் போராடிப் பெற்ற பிறகு, சொந்தக் கட்சியின் அறைக்குள் அதன் பாதியை இழப்பது சிறிய விடயம் அல்ல.

மற்றவர்கள் கண்ட வழி

அமெரிக்காவில் 1968இல் ஒரு முன்னோடித் தேர்தலிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ப்ரியை ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சிக்காகோ மாநாட்டில் வேட்பாளராக்கினார்கள். வெளியே வீதியில் இரத்தம் சிந்தியது. ஹம்ப்ரி தேர்தலில் தோற்றார். அதன் பிறகே முன்னோடித் தேர்தலில் மக்கள் சொல்வதே முடிவு என்று விதிகள் மாறின. 1980களில் கட்சித் தலைவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று, யாருக்கும் கட்டுப்படாத ‘மேற்பிரதிநிதிகள்’ என்ற வகை உருவாக்கப்பட்டது. 2016இல் அது பெரும் கசப்பை ஏற்படுத்தவே, 2018இல் முதற்சுற்று வாக்கெடுப்பில் அவர்கள் வாக்களிப்பது நிறுத்தப்பட்டது. மக்கள் பேசி முடிவு வராவிட்டால் மட்டுமே தலைவர்கள் பேசலாம். 2024 ஜூலையில் ஜோ பைடன் விலகியபோது, முன்னோடித் தேர்தல்கள் முடிந்துவிட்டிருந்ததால் பிரதிநிதிகளே கமலா ஹாரிஸைத் தெரிவு செய்தார்கள். வேறு வழியில்லாதபோது அந்த அதிகாரம் தேவைப்படும் என்பதையும், மக்கள் வாக்கு இல்லாத வேட்பாளர் என்ற குறை கூடவே வரும் என்பதையும் அது ஒருங்கே காட்டியது.

பிரித்தானியாவில் 2016இல் தொழிற்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் 172க்கு 40 என்ற வாக்குகளால் ஜெரமி கோர்பினில் நம்பிக்கையில்லை என்றார்கள். சில மாதங்களில் கட்சி அங்கத்தவர்கள் அவரையே மீண்டும் தலைவராக்கினார்கள். உறுப்பினர்கள் விரும்பாவிட்டாலும் அந்த முடிவோடு வாழ வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை இரகசிய வாக்கெடுப்பில் தலைவரைத் தெரிவு செய்தது. சி. சிறீதரன் 184, ம.ஆ. சுமந்திரன் 137. தமிழ்க் கட்சி ஒன்றில் அப்படியொரு போட்டி நடந்ததே பெரிய விடயம் என்று பலர் மகிழ்ந்தார்கள். சில நாட்களில் செயலாளர் தெரிவில் சர்ச்சை எழுந்தது, விவகாரம் நீதிமன்றம் போனது, தெரிவான தலைவர் பதவியைப் பொறுப்பேற்க முடியாமல் போனது. வாக்கெடுப்பு நடத்துவது மட்டும் போதாது, அதன் முடிவைத் தாங்கிப் பிடிக்கும் யாப்பும் பண்பும் வேண்டும் என்பதே அதன் பாடம். அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத்தில் தோற்ற சுமந்திரன் தேசியப்பட்டியல் வழியாகப் பாராளுமன்றம் செல்லவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் அரசியலமைப்பு மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மலையகக் கட்சிகளுக்கு மற்றக் கட்சிகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அவற்றின் அங்கத்தவர் யார் என்பது சந்தாப் பட்டியலில் பெயர் பெயராக இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவர், செயலாளர், பொருளாளர் கொண்ட கமிட்டி இருக்கிறது. முன்னோடித் தேர்தல் நடத்த விரும்பும் எந்தக் கட்சிக்கும் வேண்டிய இடாப்பு இதுதான்.

ஒன்று, மாவட்டத்தில் எத்தனை பேரை நிறுத்துவது என்பதை உயர்பீடம் தீர்மானிக்கட்டும். அந்த இடங்களுக்கு யார் என்பதைச் சந்தா கட்டும் அங்கத்தவர் இரகசிய வாக்கால் தீர்மானிக்கட்டும். தோட்டத் தலைவர் கையுயர்த்தச் சொல்லி எண்ணும் முறை கூடாது. அது கங்காணியின் காலத்துக்கே நம்மைத் திருப்பி அனுப்பும்.

இரண்டு, பதவியில் இருக்கும் உறுப்பினருக்கு வேட்புமனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். அவரை அனுப்பிய மக்களுக்கு அது தெரிய வேண்டும்.

மூன்று, தேசியப்பட்டியல் பெயர்கள் வரிசைப்படுத்தப்பட்டு, தேர்தலுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். முதலிடங்கள் பெண்களுக்கும் விருப்பு வாக்கால் வர முடியாத மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். போட்டியிட்டுத் தோற்றவரை நியமிப்பதில்லை என்று கட்சி தன் யாப்பிலேயே எழுதிக்கொள்ளலாம். பெரிய கட்சிகளோடு கூட்டுச் சேரும்போது இதையே உடன்படிக்கையின் நிபந்தனையாக வைக்கலாம்.

நான்கு, உள்ளூராட்சி மன்றங்களிலிருந்து தொடங்கலாம். 2018இல் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை மக்களுக்குத் தமது ஊரிலேயே சபை கிடைத்தது. ஆனால் புதிய கலப்பு முறையில் ஒவ்வொரு சபையிலும் ஒரு பகுதி உறுப்பினர்களைத் தேர்தலின் பின் பட்டியலிலிருந்து கட்சியே தெரிவு செய்கிறது. வட்டாரத்தில் தோற்றவர் பட்டியலில் வருவதும், வென்ற பெண் வேட்பாளர் தவிசாளர் கதிரைக்கு வராமல் போவதும் அங்கேதான் தொடங்குகின்றன. சிறிய இடத்தில் ஒழுங்கு வந்தால் பெரிய இடத்தில் கேட்கலாம்.

கட்சிக்கு வழிகாட்டும் பொறுப்பு உண்டு. எத்தனை பேர், எந்தக் கொள்கை, எந்தக் கூட்டு என்பதைக் கட்சி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கொள்கையை விற்றவரைத் தண்டிக்கலாம். ஆனால் மக்கள் இட்ட வரிசையைத் தேர்தலின் பின் மாற்றி எழுதும் உரிமை எந்த உயர்பீடத்துக்கும் இல்லை, எந்தச் செயலாளருக்கும் இல்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பது விடையாகாது. 1948இல் நடந்ததும் சட்டப்படிதான் நடந்தது.

அடுத்த தேர்தலுக்கு வேட்புமனு கோரப்படும் நாள் வரும்போது தோட்டத்து அங்கத்தவர் தம் சங்கத்திடம் ஒரு கேள்வி கேட்கலாம். எங்கள் சந்தாவைக் கழிப்பதற்கு எங்கள் பெயர்ப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. எங்கள் விருப்பத்தைக் கேட்பதற்கு அதே பட்டியல் ஏன் போதவில்லை?